கரையைப் புரட்டும் கை

கைகுலுக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கும்பிடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கண்டதும் கட்டிப்பிடித்து மூச்சுமுட்ட வைக்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த மூன்றிலும் சேராத ஓர் இனம் உண்டு. எதிரே வருகிறவர் நலமா, வீட்டில் எல்லாரும் நலமா, மழை உண்டா என்பதெல்லாம் அவர்களுக்கு அப்புறம்தான். முதலில் வந்தவருடைய சட்டை நலமா என்று பார்த்தாக வேண்டும். வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, வலக்கை தன் வேலையைப் பார்க்கப் புறப்பட்டுவிடும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவே உங்கள் சட்டை ஓரம் மாட்டிக்கொள்ளும். கண் பாதி மூடும், விரல் தேய்க்கும். பிறகு, உங்கள் சம்மதத்தை யார் கேட்டார்கள், ஒரு கொத்தாகப் பிடித்துக் கசக்கி, கொஞ்சம் பொறுத்து விட்டுப் பார்க்கும். கடைசியாகக் கழுத்துப்பட்டையைப் புரட்டும். அங்கே உள்பக்கம் தங்க நிறத்தில் இங்கிலீஷ் எழுத்து இருந்துவிட்டால் நீங்கள் பெரிய மனிதர். இல்லையா? ஒரே ஒரு சொல்தான்.

"லோக்கல்."

இவர்களுக்குக் கரைபுரட்டிகள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்த நாளில் அயல்நாட்டுத் துணி தன் ஊர்ப்பெயரைக் கரையில் அச்சடித்துக்கொண்டுதான் கப்பலேறும். தைக்கக் கொடுக்கிறவர்கள் தையற்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, எழுத்துள்ள அந்தக் கரையை மட்டும் நறுக்கிக் கழுத்துக்கு உள்ளேயோ இடுப்புக்கு உள்ளேயோ வைத்துத் தைத்துக்கொள்வார்கள். ஜப்பான் என்று எழுதியிருக்காவிட்டால் ஜப்பான் சட்டை போட்டு என்ன லாபம்? யார் நம்புவார்கள்? கரைபுரட்டிக்கு அந்த எழுத்துத்தான் ஜாதகம். அதற்கு மேல் ஆராய்ச்சி கிடையாது.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால், எழுபதுகளின் நடுவில் வண்டிப்பெரியாருக்கு மேலே ஓர் எஸ்டேட்டுக்குப் போக வேண்டும். அங்கே தேயிலை ஃபாக்டரியின் மாடியில் குருசாமி இருப்பார். பறித்து வந்த கொழுந்தை அந்த மாடியில் பரப்பி வாட்டுவார்கள். பதமாக வாடியதா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. ஒரு பிடி இலையை அள்ளி உள்ளங்கையில் அழுத்துவார், மோந்து பார்ப்பார், விரலைத் திறப்பார். இலை எப்படி விரிகிறது என்று பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்" என்றோ "இறக்கலாம்" என்றோ சொல்வார். அந்தச் சொல் தப்பியதே கிடையாது. ஃபாக்டரித் துரைகூட அவர் கையைப் பார்த்துவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்ப்பார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. இலையைத் தெரிந்த கைக்கு எல்லாம் தெரியும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன, அவரேதான் சொல்லிக்கொண்டார்.

இந்தக் கையோடு குடும்பம் நடத்தியவள் சுருளியம்மாள். கொழுந்து பறிக்கிறவள், அதிகம் பேசாதவள், பேசினால் திருப்பிப் பேச ஆளிருக்காது. புருஷனோடு வெளியே போனால் அவள் கண் பாதையில் இருக்காது, அவர் வலக்கையில்தான் இருக்கும். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் கொடியில் காய்கிற வேட்டி துண்டையெல்லாம் புரட்டிப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவார். பெண்கள் அவர் தலையைக் கண்டதும் சேலைகளை உருவிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் சட்டையைக் கசக்கி, அந்த ஆள் திரும்பிப் பார்த்து, பையைத் தடவி, சில்லறை இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த சங்கடமெல்லாம் அவள் பட்டிருக்கிறாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். லயத்தில் ஒரு கிழவி செத்துப்போனாள். பிறந்த வீட்டுக் கோடி வந்தது. அழுதுகொண்டே தம்பிக்காரர் புதுச்சேலையை அக்காள் உடம்பின்மேல் போர்த்தினார். மாலை போடக் குனிந்த குருசாமி, மாலையைப் போட்டுவிட்டு நிமிரவில்லை. கோடியின் ஓரத்தை எடுத்தார், தேய்த்தார், புரட்டினார். தம்பிக்காரர் அழுகையை நிறுத்தி, "கம்பம் பஜார்ல எடுத்ததுண்ணே, மில்லு சேலைதான்" என்று தாழ்ந்த குரலில் கணக்கு ஒப்பித்தார். குருசாமி பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். சுருளியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள், கிழவிமேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று ஆச்சரியப்பட்டார்கள்.

உள்ளூர்ச் சரக்கென்றால் அவருக்கு அப்படி ஓர் இளப்பம். வருஷா வருஷம் கம்பெனி கொடுக்கிற கருங்கம்பிளி இருக்கிறதே, சாரல் மாதங்களில் எஸ்டேட்டுச் சனம் முழுக்க அதைத் தலையில் போட்டுக்கொண்டுதான் மலையில் நிற்கும். குருசாமி அதைக் கால் விரலால் தள்ளுவார். ஒரு தடவை தேயிலை ருசி பார்க்கக் கடல் கடந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கட்டம் போட்ட சட்டை. கிட்டே போய்த் தொட முடியாத ஏக்கத்தில், "அது சீமைக் கட்டம், நம்மாளுக்கு வருமா" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தக் கட்டம் சென்னைப் பக்கம் ஏதோ தறியில் நெய்து கப்பலேறிப் போய், சட்டையாகித் திரும்பி வந்தது என்பதும், அதன் உடன்பிறப்பான ஒரு கட்டம் லுங்கியாகி அவர் இடுப்பிலேயே இருந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. லுங்கிக் கரையில்தான் எழுத்து இல்லையே.

இந்தத் தம்பதிக்கு ஒரே பெண், பூமாரி. பீர்மேட்டுப் பக்கத்து ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த சுடலை இங்கே இலை உருட்டும் மிஷினைப் பழுது பார்க்க வந்தவன், பழுது தீர்ந்த பிறகும் இரண்டு தடவை வந்தான். மிஷினைப் பார்க்கத்தான் வந்தேன் என்றான். மிஷின் நம்பியிருக்கலாம், சுருளியம்மாள் நம்பவில்லை. பூமாரியின் முகத்தைப் பார்த்தாள், பையனுடைய குணத்தை விசாரித்தாள், மனசுக்குள் சரி என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் பையனுடைய தாய் முத்துப்பேச்சி லேசுப்பட்டவள் இல்லை. புருஷன் போனபின் கொழுந்துக்கூடையைச் சுமந்தே மகனை ஆளாக்கியவள். ஒரு சொல் பொறுக்க மாட்டாள். இதற்கு முன்னால் அமைந்த ஒரு சம்பந்தத்தில், பெண் வீட்டுக்காரர் யாரோ சுடலையின் செருப்பைப் பற்றி ஏதோ சொல்லப்போக, வைத்த வெற்றிலையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஊரே சொல்லும். செருப்புக்கே இப்படி என்றால் சட்டைக்கு?

நிச்சயதார்த்தம் நல்லபடியாகவே நடந்தது. காரணம் உண்டு. அன்றைக்குத் துணியைச் சோதிக்கிற இடத்தில் இல்லை, கொடுக்கிற இடத்தில் குருசாமி இருந்தார். சுருளியம்மாளின் அண்ணன் பெரியமுத்து, இலங்கைத் தோட்டத்தை விட்டு வெறுங்கையாகத் திரும்பிய கூட்டத்தோடு வந்தபோது, தங்கச்சிக்கென்று கொண்டுவந்த ஒரே பொருள் ஒரு டெரிலின் துணி. அது வந்த வழியை நினைத்தால் தலை சுற்றும். மண்ணெண்ணெய்க்குப் பங்காளி முறை ஆக வேண்டிய ஏதோ ஒன்றிலிருந்து நூலாகி, ஜப்பானில் துணியாகி, கொழும்பில் இறங்கி, மலைத்தோட்டத்துக் கடையொன்றில் தொங்கி, ஒரு தேயிலைக் கூலிக்காரன் வயிற்றைக் கட்டி வாங்க, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் கரையேறி, ரயிலேறி, பஸ்ஸேறி, இன்னொரு தேயிலைத் தோட்டத்தில் குருசாமியின் டிரங்குப் பெட்டிக்குள் பாச்சை உருண்டையோடு படுத்தது. படுத்ததுதான், எழுந்திருக்கவில்லை. கரை மேலே தெரியும்படி மடித்து வைத்திருந்தார். பெட்டியைத் திறப்பார், எழுத்தைப் பார்ப்பார், மூடுவார். துணி என்ன நிறம் என்று கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

அந்தத் துணியைத்தான் மாப்பிள்ளைச் சட்டைக்கென்று தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. எழுத்து எல்லாருக்கும் தெரியும்படி தாம்பாளத்தைச் சபை முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டு, அதற்கு இஸ்திரியே வேண்டாம், முக்கிப் பிழிந்து உதறினால் போதும் என்றெல்லாம் வியாக்கியானம் செய்துவிட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது தாம்பாளத்தை விடாமல் இழுத்துப் பிடித்தார். மகளைக் கொடுக்கச் சம்மதித்தபோதுகூட அப்படி இழுத்துப் பிடிக்கவில்லை என்று பிற்பாடு சுருளியம்மாள் சொன்னதுண்டு.

அது வண்டிப்பெரியாரில் சூசையப்பனுடைய தையல் கடைக்குப் போயிற்று. சுற்றுவட்டாரத்து எஸ்டேட்டுகளின் உடம்பளவெல்லாம் சூசையப்பன் கையில். அதே கடையில் கல்யாணத்துக்கென்று குருசாமிக்கும் ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தாள் சுருளியம்மாள். துணி எங்கே எடுத்தது என்று அவர் கேட்டார். எடுத்த இடத்தில் எடுத்தது என்றாள். சட்டை வந்தது. குருசாமி முதல் காரியமாகக் கழுத்தைப் புரட்டினார். இருந்தது! தங்க எழுத்து. அதோடு கேள்வியெல்லாம் முடிந்தது. கல்யாணம் வரைக்கும் பொறுக்காமல் மறுநாளே எடுத்துப் போட்டுக்கொண்டார். யாரைக் கண்டாலும் குனிந்து, பின்கழுத்தைத் தானே புரட்டிக் காட்டுவார். வெள்ளைச் சட்டைக்கு இளநீலத்தில் கரை இருக்கிறதே என்று கேட்டவர்களிடம், "ஜப்பான்காரன் அப்படித்தான் போடுவான், ஒங்களுக்கென்ன தெரியும்" என்றார். கேட்டவர்களுக்கு என்ன தெரியும்?

எஸ்டேட்டு மாரியம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு, கல்யாணத் தேதியும் பேசிக்கொள்ளலாம் என்று முத்துப்பேச்சி மகனோடு வந்தாள். அன்றைக்கு விடிந்ததிலிருந்தே சுருளியம்மாள் புருஷனுக்கு உபதேசம். மாப்பிள்ளை எதைப் போட்டு வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், கோடித் துணியைத் தொட்ட கதை இங்கே நடந்தால் பூமாரியின் வாழ்க்கை போச்சு என்றாள். குருசாமி கோவில் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்தார். சத்தியத்தை நம்புகிறவளா அவள்? விருந்தாளிகள் லயத்து வீட்டில் வந்து உட்கார்ந்ததும், புருஷனுடைய இரண்டு கையிலும் இரண்டு டீ டம்ளரைத் திணித்துவிட்டாள். விளிம்பு வரைக்கும் ஊற்றியிருந்தாள். கை அசைந்தால் சுடும்.

நல்ல யுக்திதான். ஒரு ஓட்டை இருந்தது. விருந்தாளிகள் டம்ளரை வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.

காலியான கை வேறு என்ன செய்யும்? சுடலை மழையில் லேசாக நனைந்த இளநீலச் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சாயந்திர மூட்டத்தில் வீட்டுக்குள் வெளிச்சமும் கம்மி. குருசாமி மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். பேசப்பேசக் கை போயிற்று. சட்டை ஓரம் சிக்கியது. கண் பாதி மூடியது. கசக்கினார், விட்டார். அடுப்படி வாசலில் முறுக்குத் தட்டோடு வந்த பூமாரி அப்படியே நின்றுவிட்டாள். சுருளியம்மாள் இரும வேண்டிய அளவுக்கு இருமினாள். குருசாமி மாப்பிள்ளையின் கழுத்தைப் புரட்டினார். எழுத்து இல்லை.

"லோக்கல்" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளைமேல் உள்ள பிரியம் விடவில்லை. "கோவிச்சுக்காதீக மாப்ள, இத எவனோ ஒங்க தலையில கட்டிட்டான்."

முத்துப்பேச்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்த எவனும் நீங்கதான் அண்ணாச்சி. நிச்சயத்தன்னைக்குத் தாம்பாளத்துல வச்சுக் குடுத்தீகளே, அந்தத் துணிதான் இது."

கொடை நாள் என்பதால் வாசலில் பத்துப் பேர் நின்றார்கள், அவர்கள் இருபது பேரானார்கள். இப்போது குருசாமியின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். துணி லோக்கல்தான் என்று சாதித்தால், மாப்பிள்ளைக்குப் போலித் துணி கொடுத்து ஊரைக் கூட்டிப் பெருமையடித்த ஆள் ஆவார். துணி ஜப்பான்தான் என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருஷமாக இந்த எஸ்டேட்டில் இவர் சொன்ன தீர்ப்பெல்லாம் என்ன ஆவது? கோடித் துணி முதல் தோட்டம் மேற்பார்க்கிற கண்டக்டர் ஐயா சட்டை வரைக்கும் எத்தனை தீர்ப்பு! இப்படிப்பட்ட நேரத்தில் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோமோ அதைத்தான் அவரும் செய்தார். அங்கே இல்லாத இன்னொருத்தர்மேல் பழியைப் போட்டார். சூசையப்பன் துணியை மாற்றிவிட்டான் என்றார்.

முத்துப்பேச்சி எழுந்துவிட்டாள். தன் மகன் கடையில் நின்று, கண் முன்னால் வெட்டித் தைத்து வாங்கிய சட்டை அது என்றாள். போலியைக் கொடுத்ததும் இல்லாமல் தையல்காரன் தலையில் ஏற்றுகிற வீட்டில் தனக்கென்ன பேச்சு என்றாள். குடையை எடுத்தாள். எழுந்திருலே என்று மகனைப் பார்த்தாள். சுடலை எழுந்தான், ஆனால் அவன் கண் முறுக்குத் தட்டுப் பக்கம் இருந்தது. முறுக்கைப் பார்க்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பூமாரி அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை, சுருளியம்மாளுக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் நேரே புருஷனுக்குப் பின்னால் போனாள். வெள்ளைச் சட்டையின் கழுத்தைப் பிடித்துப் புரட்டினாள்.

"போறதுன்னா போங்க மயினி. இத ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

சுடலையின் கையைப் பிடித்து இழுத்து, அவன் சட்டை ஓரத்தைக் குருசாமியின் கழுத்தோரம் வைத்தாள். இளநீலமும் இளநீலமும் ஒட்டிக்கொண்டன. வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவளே சொன்னாள். வெள்ளைத் துணி ரேஷன் கடையில் போட்ட கண்ட்ரோல் துணி. கல்யாணச் செலவில் அதற்குத்தான் முடிந்தது. எழுத்து இல்லாத சட்டையை இந்த மனுஷன் போட மாட்டார் என்பதால், மாப்பிள்ளைத் துணியில் வெட்டி மீந்த கரையை இதற்குள் வைத்துத் தைக்கச் சொன்னது அவள்தான். சூசையப்பன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் கடையில் அப்படிக் கரைத் துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன, கேட்கிறவர்களுக்கெல்லாம் வைத்துக் கொடுக்கிறார். இதைக் கேட்டதும் வாசலில் நின்ற இரண்டு மூன்று பேர் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

முத்துப்பேச்சி குடையைக் கீழே வைக்கவில்லை. இரண்டு சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. இந்த ரெண்டுல எது ஜப்பான்?"

குருசாமி தன் சட்டையை ஒரு கையிலும் மாப்பிள்ளை சட்டையை ஒரு கையிலும் பிடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் புரட்டாமல் பிடித்தார். தேய்த்தார். கசக்கினார். வாசலில் இருந்த சனம் முழுக்க அவர் விரலையே பார்த்தது. அவர் மட்டும் நிமிர்ந்து பூமாரியைப் பார்த்தார். சின்னப் பிள்ளையில் ஃபாக்டரி மாடிக்குத் தூக்கிப் போனால் அவளும் ஒரு பிடி இலையை அள்ளி மூக்கில் வைத்துக்கொள்வாள். இன்னொரு சொல் தவறாக வந்தால் அவள் வாழ்க்கை இந்த வாசற்படியோடு நிற்கும் என்பது அந்த மரமண்டைக்கும் விளங்கியது.

"தெரியல தங்கச்சி" என்றார். "எலைன்னா சொல்லிருவேன். துணி எனக்குத் தெரியாது. எழுத்தப் பாத்துத்தான் இத்தன நாளும் சொன்னேன்."

இவ்வளவு பெரிய வாக்குமூலத்தை அந்த எஸ்டேட்டில் அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. சுருளியம்மாளுக்குப் பாவமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரிடம் அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான், வந்தபோது கேட்கக் கஷ்டமாக இருந்தது. முத்துப்பேச்சி குடையைச் சுவரில் சாத்தினாள், உட்கார்ந்தாள்.

"டீ ஆறிப் போச்சு மயினி. சூடா வேற போடுங்க."

பூமாரிதான் போட்டாள். சீனி இரண்டு மடங்கு விழுந்திருந்தது. எல்லாரும் குடித்து முடித்தார்கள்.

கல்யாணம் நடந்தது. குருசாமி முகூர்த்தம் முழுக்க இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே ரேஷன் சட்டையோடு நின்றார். கரையைப் பிரித்து எறியச் சொல்லவில்லை, ஆனால் யாரிடமும் கழுத்தைக் காட்டவும் இல்லை. அடுத்த மழைக்குக் கம்பெனிக் கம்பிளி வந்தபோது காலால் தள்ளாமல் கையில் எடுத்தார். அழுத்தினார், மோந்து பார்த்தார், விட்டார். ஒன்றும் சொல்லாமல் போர்த்திக்கொண்டார். சீமையில் கிழிந்துபோன கம்பளிக் கோட்டுகளை மூட்டை கட்டிக் கப்பலில் கொண்டுவந்து, பிய்த்துப் பஞ்சாக்கி, நூற்று நெய்கிற ஊர்கள் வடக்கே உண்டு. அந்தக் கம்பிளி அங்கே பிறந்ததாகவும் இருக்கலாம். அவர் வாட்டிக் கொடுத்த தேயிலையைக் குடித்த எந்தத் துரையின் கோட்டோ அது? யார் கண்டது? அதன் கரையிலும் எழுத்து இல்லை.

நீங்கள் இப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். ஒருவருடைய சட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டீர்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் ஒரு கை எங்கே போயிற்று? கழுத்துக்குப் பின்னால் என்ன தேடுகிறது? சரி, தேடியது தேடியாயிற்று, எழுத்து இருக்கிறதா? இருக்கிறதென்றால் ரொம்பச் சந்தோஷம். நிறம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.